மாற்றியது ஒரு கோப்பு, படித்தது வேறு கோப்பு: கிரப் அமைப்புப் பிழையின் வேரைத் தேட ஒரு முழு வழிகாட்டி

ஜூன் பிறந்தால் கிருஷ்ணகிரியில் மாங்காய் வண்டிகளின் காலம். காவேரிப்பட்டணம் சாலையில் பெங்களூரா காய் ஏற்றிய டிராக்டர்களும் ஐச்சர்களும் வரிசை கட்டி நிற்கும். மாங்கூழ் ஆலைகளின் எடைமேடைக்கு இரவு பகல் கிடையாது. அப்படி ஓர் ஆலையிலிருந்துதான் எனக்குப் போன் வந்தது. எடை போடும் தங்கை பேசினாள்.

"அண்ணா, லோடு எடை ஏறி சீட்டு வர்ற நேரத்துல ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுது. மவுசும் நகரல. பவர் பட்டனை அமுக்கித்தான் திரும்ப எழுப்பறேன். வெளிய முப்பது வண்டி நிக்குது."

போய்ப் பார்த்தேன். செலரான் ஜே1900 சிப் வைத்த சின்னப் பெட்டி, அதில் லினக்ஸ் மின்ட் 21 இயங்குதளம். இன்டெலின் இந்த பே டிரெயில் வகைச் சிப்புகள் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போய் எழும்போது லினக்ஸில் உறைந்துபோவது பல ஆண்டுகளாகத் தெரிந்த தொல்லை. அதற்கு வழக்கமான மருந்து, சிப்பை ஆழமாகத் தூங்கவிடாமல் லினக்ஸின் மையமான கெர்னலுக்கு ஒரு சொல் சொல்லிவைப்பது: இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1. மின்சாரம் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆனால் உறையாது. அதை, கணினி எழும்போது கெர்னலை ஏற்றும் கிரப் நிரலின் அமைப்பில் சேர்த்து, அந்த மாற்றத்தைப் பதிக்கும் அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் கிளம்பினேன். வீடு வந்து சேர்வதற்குள் மறுபடியும் உறைந்துவிட்டது.

மருந்து தவறா, மருந்து உள்ளே போகவே இல்லையா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பலரும் அடுத்த மருந்தைத் தேடிப் போய்விடுகிறார்கள். கெர்னலை மாற்றுவார்கள், ரேமைக் கழற்றித் துடைப்பார்கள், கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்வார்கள். பிழை போகலாம், ஆனால் காரணம் தெரியாது. காரணம் தெரியாமல் போன பிழை எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும். அந்தக் காரணத்தை அடிவரை தேடிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கணினியில் வேறு அமைப்பு மாற்றமாக இருந்தாலும் பாதை இதுவே: மெனு நேரம் மாறவில்லை, புதுக் கெர்னல் வரவில்லை, பழைய பெயரே தெரிகிறது என்று எதுவானாலும் சரி.

ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று தூரத்தில் இருப்பவர்களுக்குப் போனில் சொல்லிக்கொடுத்துப் பழகியவன் நான். அதனால் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படியே எழுதுகிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

முதல் படி: கெர்னலின் காதில் விழுந்தது என்ன?

ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். டெர்மினலைத் திறந்து, ப்ராக் ஃபோல்டரில் இருக்கும் சிஎம்டிலைன் என்ற கோப்பை 'கேட்' கட்டளையால் பாருங்கள். பூட் ஆகும்போது கிரப் கெர்னலிடம் என்ன சொன்னதோ அது அந்த ஒற்றை வரியில் அப்படியே இருக்கும். நாம் எழுதியது என்ன, நினைத்தது என்ன என்பதற்கு அங்கே இடமில்லை. ஆகவே இதைத்தான் முதல் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

எடைமேடைக் கணினியில் அந்த வரி 'குவயட் ஸ்ப்ளாஷ்' என்பதோடு முடிந்திருந்தது. நான் சேர்த்த சொல் இல்லை. மருந்து உள்ளே போகவில்லை என்பது அந்த நிமிடமே உறுதியானது.

அந்த வரியின் தொடக்கத்தில் பூட்_இமேஜ் என்று ஒரு பகுதி இருக்கும். எந்தக் கெர்னல் கோப்பு ஏற்றப்பட்டது என்பதை அது சொல்லும். இங்கே 5.15.0-67 என்று இருந்தது. பூட் ஃபோல்டரில் 'எல்எஸ்' போட்டால் 5.15.0-75 கெர்னலும் இருக்கிறது. புதியது இன்ஸ்டால் ஆகியிருக்கிறது, ஆனால் பழையதுதான் எழுகிறது. நான் சேர்த்த சொல் போகாததும் புதுக் கெர்னல் எழாததும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான்.

இரண்டாம் படி: நாம் எழுதிய கோப்பு சரியாக உருவானதா?

கிரப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. நாம் கை வைப்பது இடிசி ஃபோல்டரில், டீஃபால்ட் என்பதற்குள் இருக்கும் 'கிரப்' கோப்பு. பூட் நேரத்தில் கிரப் அதைத் தொடுவதே இல்லை. அப்டேட்-கிரப் ஓட்டும்போது அந்தக் கோப்பையும் இடிசியில் கிரப்.டி ஃபோல்டரில் உள்ள சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்களையும் சேர்த்து அரைத்து, பூட் ஃபோல்டருக்குள் கிரப் ஃபோல்டரில் 'கிரப்.சிஎஃப்ஜி' என்ற கோப்பு உருவாகும். மெனு அதிலிருந்துதான் வருகிறது.

அந்த கிரப்.சிஎஃப்ஜி கோப்பில் நீங்கள் சேர்த்த சொல்லை 'கிரெப்' கட்டளையால் தேடுங்கள். கோப்பு உருவான தேதி, நேரத்தையும் பாருங்கள்.

சொல் அங்கே இல்லையென்றால் கோளாறு உருவாக்கும் கட்டத்தில் இருக்கிறது. நான் அடிக்கடி பார்ப்பது மேற்கோள் குறி. யாரோ போனில் அனுப்பிய வரியை அப்படியே ஒட்டியிருப்பார்கள். போன் விசைப்பலகை நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றியிருக்கும். அந்தக் கோப்பு ஷெல் ஸ்கிரிப்டாகவே படிக்கப்படுகிறது, ஷெல்லுக்கு வளைந்த மேற்கோள் வெறும் எழுத்து. அதனால் இடைவெளிக்குப் பின்னால் வரும் சொல்லை ஒரு கட்டளை என்று நினைத்து ஓட்டப் பார்க்கும், கிடைக்காமல் நின்றுவிடும், பழைய கிரப்.சிஎஃப்ஜி அப்படியே கிடக்கும். அப்டேட்-கிரப் ஓட்டியதும் திரையில் வரும் வரிகளைக் கடைசிவரை படியுங்கள்.

மேற்கோள் சரியென்றால், டீஃபால்ட் ஃபோல்டருக்குள்ளேயே இன்னொரு கிரப்.டி ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். உபுண்டு, டெபியன், மின்ட் என்ற மூன்று லினக்ஸ் வகைகளிலும் அதற்குள் இருக்கும் சிஎஃப்ஜி கோப்புகள் முதன்மைக் கோப்புக்குப் பிறகு படிக்கப்படும். அதே மாறிக்கு அங்கே வேறு மதிப்பு இருந்தால் நீங்கள் எழுதியது அடிபட்டுப் போகும். பூட் ஃபோல்டர் டிஸ்கின் தனிப் பிரிவாக, அதாவது தனிப் பார்ட்டிஷனாக இருக்கும் கணினியில் அது மவுன்ட் ஆகாமல் (இணைக்கப்படாமல்) இருந்தாலும் இதே கதைதான். புதுக் கோப்பு எழுதப்படும், ஆனால் பூட் நேரத்தில் யார் கண்ணிலும் படாத இடத்தில்.

எடைமேடைக் கணினியில் இவை எதுவுமே இல்லை. கிரப்.சிஎஃப்ஜி சில நிமிடங்களுக்கு முன்புதான் உருவாகியிருந்தது, என் சொல்லும் அதில் இருந்தது, 75ஆம் கெர்னலும் முதல் இடத்தில் இருந்தது. அப்படியானால் கிரப் வேறு எதையோ படிக்கிறது.

மூன்றாம் படி: மெனுவை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்

ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு அந்தத் தங்கையின் பின்னால் நின்றேன். மெனு வந்ததும் அவள் கை தானாகக் கீழ் அம்பை இரண்டு முறை அமுக்கி என்டர் தட்டியது.

"எதுக்கும்மா ரெண்டு தடவ கீழ போற?"

"மார்ச்லேர்ந்து இப்படித்தாண்ணா. முன்னெல்லாம் தானா வந்துடும். அப்புறம் நம்மளே எறக்கித்தான் போடணும்."

பாதி விடை இந்த ஒரு பேச்சில் கிடைத்துவிட்டது. கணினியை நாள்தோறும் தொடுகிறவர்களிடம் 'எப்போதிலிருந்து, என்ன மாறியது' என்று கேட்காமல் எந்தப் பிழையையும் தேடத் தொடங்காதீர்கள்.

மறுபடியும் ரீஸ்டார்ட் செய்து இந்த முறை மெனுவில் நிறுத்தினேன். முதல் வரி உபுண்டு. இரண்டாவது உபுண்டுவின் கூடுதல் தேர்வுகள். மூன்றாவதாக லினக்ஸ் மின்ட், அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஆன் டெவ் எஸ்டிஏ3', அதாவது முதல் டிஸ்கின் மூன்றாம் பார்ட்டிஷன்.

அந்த அடைப்புக்குறியைக் கவனியுங்கள். ஒரு லினக்ஸ் தனக்காக எழுதிக்கொள்ளும் மெனு வரியில் பார்ட்டிஷன் பெயர் வராது. 'இன்ன பார்ட்டிஷனில் இருக்கிறது' என்று எழுதுவது, ஓஎஸ்-ப்ரோபர் என்ற கருவி அடுத்த வீட்டு லினக்ஸைக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போதுதான். அதாவது இது மின்ட் எழுதிய மெனு அல்ல. மின்ட்டைப் பற்றி உபுண்டு எழுதிவைத்த மெனு.

மின்ட் வரியின் மேல் நின்று 'இ' விசையை அழுத்தினால் அதன் உள் வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் 67ஆம் கெர்னலும் பழைய சொற்களும் இருந்தன. சிஎம்டிலைனில் பார்த்த அதே வரி. ஓஎஸ்-ப்ரோபர் அடுத்த வீட்டு கிரப்.சிஎஃப்ஜியைத் திறந்து, அன்றைக்கு அங்கே இருந்ததை நகலெடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்த வீட்டில் என்ன மாறினாலும், உபுண்டுவில் மறுபடி அப்டேட்-கிரப் ஓடும்வரை இந்த நகல் மாறாது. மின்ட்டில் நான் எத்தனை முறை அப்டேட்-கிரப் ஓட்டினாலும் இங்கே எட்டாததற்குக் காரணம் இதுதான்.

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இடம் போதவில்லை என்று யாராவது மின்ட்டில் 67ஆம் கெர்னலை நீக்கியிருந்தால், அடுத்த பூட்டில் கோப்பு கிடைக்கவில்லை என்றும் முதலில் கெர்னலை ஏற்ற வேண்டும் என்றும் சொல்லி மெனு கைவிரித்திருக்கும். சீசன் நடுவில் எடைமேடையே நின்றிருக்கும்.

நான்காம் படி: கிரப்பையே கேளுங்கள்

ஊகத்தை உறுதிசெய்ய மெனுவில் 'சி' விசையை அழுத்துங்கள். கிரப்பின் கட்டளைத் திரை வரும். பென்டிரைவ் ஏதாவது செருகியிருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டிஸ்க் எண்கள் மாறிக் குழப்பும். 'எக்கோ' என்று அடித்து, டாலர் குறியோடு ப்ரிஃபிக்ஸ் என்று அடியுங்கள். கிரப் தன் கோப்புகளை எங்கிருந்து எடுக்கிறது என்று அதுவே சொல்லும்.

இங்கே வந்த விடை: எச்டி0, ஜிபிடி2, அதில் பூட்டுக்குள் கிரப். மின்ட் இருப்பது மூன்றாவது பார்ட்டிஷன். இரண்டாவது, பழைய உபுண்டு 20.04.

அடுத்து ஒரு சோதனை. நான் மிகவும் நம்பும் சோதனை இது, ஏனென்றால் டிஸ்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. அதே திரையில் 'கான்ஃபிக்ஃபைல்' என்று அடித்து, மூன்றாவது பார்ட்டிஷனின் கிரப்.சிஎஃப்ஜிக்கு முழுப் பாதையைக் கொடுங்கள். உடனே வேறொரு மெனு வந்தது. அடைப்புக்குறி இல்லாத லினக்ஸ் மின்ட் முதல் வரியில் இருந்தது. என்டர் தட்டி உள்ளே போய் சிஎம்டிலைனைப் பார்த்தேன். மேக்ஸ்_சிஸ்டேட்=1 இருந்தது, கெர்னல் 75. தவறான கோப்பு படிக்கப்படுகிறது என்பதைத் தவிர வேறு கோளாறு இல்லை என்று இது நிரூபித்துவிட்டது. அந்த நிலையிலேயே கணினியை ஓடவிட்டு, நின்றிருந்த வண்டிகளை முதலில் அனுப்பச் சொன்னேன். அன்று இரவு முழுக்க ஒரு முறைகூட உறையவில்லை. மருந்தும் சரி என்பது அதனாலேயே தெரிந்தது.

ஐந்தாம் படி: கிரப்பை அங்கே அனுப்பியது யார்?

மறுநாள் காலை நிதானமாக உட்கார்ந்தேன். ஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த பூட் முறை) கணினிகளில் பூட் இப்படி நடக்கும்: போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் தன் நினைவில் உள்ள வரிசைப்படி ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஒரு ஃபோல்டரைத் தேடி, அங்கே இருக்கும் ஷிம் என்ற கோப்பை எழுப்பும். ஷிம் கிரப்பை எழுப்பும். கிரப் அதே ஃபோல்டரில் இருக்கும் ஒரு குட்டி கிரப்.சிஎஃப்ஜியைப் படிக்கும். அதில் மூன்றே வரிகள். இந்த யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) உள்ள பார்ட்டிஷனைத் தேடு, அதிலுள்ள பூட் கிரப் ஃபோல்டரை ப்ரிஃபிக்ஸாக வை, அங்குள்ள பெரிய கிரப்.சிஎஃப்ஜியைத் திற. அவ்வளவுதான்.

'ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' என்ற கட்டளையில் பூட் வரிசை தெரியும். அதில் 'உபுண்டு' என்று ஒரே பெயர். மின்ட் எங்கே? இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் தனக்கென்று ஃபோல்டர் வைத்துக்கொள்வதில்லை. உபுண்டு கையெழுத்திட்ட கிரப்பையே அது பயன்படுத்துகிறது, அந்த கிரப்புக்குள் 'உபுண்டு' ஃபோல்டரின் பெயர் பதிந்திருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே ஃபோல்டர், ஒரே குட்டிக் கோப்பு. கடைசியாக எழுதியவர் கையில் சாவி.

பூட் ஃபோல்டரில் ஈஎஃப்ஐ, அதற்குள் மறுபடி ஈஎஃப்ஐ, அதற்குள் உபுண்டு. அங்கே உள்ள கிரப்.சிஎஃப்ஜியை 'சூடோ' (நிர்வாகி உரிமை) சேர்த்து 'கேட்' செய்யுங்கள். பக்கத்திலேயே 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையை 'எஃப்' தேர்வோடு ஓட்டினால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் யூயூஐடியும் வரும். இரண்டையும் ஒப்பிடுங்கள். முழுவதையும் ஒப்பிட வேண்டியதில்லை, முதல் எட்டு எழுத்து போதும். எடைமேடைக் கணினியின் குட்டிக் கோப்பில் இருந்தது எஸ்டிஏ2வின் யூயூஐடி.

பழைய டிஸ்கை எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்து, இரண்டையும் செருகி வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். குளோனில் யூயூஐடியும் நகலாகிவிடும். ஒரே யூயூஐடியில் இரண்டு பார்ட்டிஷன்கள் இருந்தால் கிரப் முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும். பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

எப்போது எழுதப்பட்டது? குட்டிக் கோப்பின் தேதியை 'எல்எஸ் மைனஸ் எல்' காட்டும்: மார்ச் கடைசி வாரம். உபுண்டு பார்ட்டிஷனை எம்என்டி ஃபோல்டரில் மவுன்ட் செய்து, அதன் வார் ஃபோல்டரில் லாக், அதற்குள் ஆப்ட், அங்கே இருக்கும் ஹிஸ்டரி லாக் கோப்புகளைத் திறந்தேன். பழைய மாதங்கள் சுருக்கப்பட்டிருக்கும், அவற்றுக்கு 'இசட்கிரெப்' பயன்படும். அதே நாள், அதே மணியில் கிரப்-ஈஎஃப்ஐ பேக்கேஜ் புதுப்பிக்கப்பட்டிருந்தது. கட்டளை இருக்கும் இடத்தில் 'அனட்டெண்டட்-அப்கிரேட்' என்று இருந்தது. யாரும் எதையும் அமுக்கவில்லை, உபுண்டு பின்னணியில் தானே செய்துகொண்ட புதுப்பிப்பு. அந்த பேக்கேஜ் புதுப்பிக்கப்படும்போது கிரப்-இன்ஸ்டாலும் சேர்ந்து ஓடும், ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள குட்டிக் கோப்பு உபுண்டுவின் யூயூஐடியோடு புதிதாக எழுதப்படும்.

மூன்று மாதமாக உறங்கிய உபுண்டு மார்ச்சில் ஏன் விழித்தது? கணக்குப் பிரிவில் கேட்டதும் விளங்கியது. மார்ச் கணக்கு முடிக்கப் போன சீசன் எடைச் சீட்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன. அவை பழைய உபுண்டுவில் இருந்தன. ஒரு நாள் அதை பூட் செய்து, எடுத்துக்கொண்டு, மூடிவிட்டார்கள். ஆலையில் யாருடைய தவறும் இதில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இந்தக் கணினியின் சாவி மாறிவிட்டது.

ஆறாம் படி: திருத்தம், அதுவும் வரிசைப்படி

மின்ட் ஓடும்போது 'சூடோ கிரப்-இன்ஸ்டால்', பிறகு 'சூடோ அப்டேட்-கிரப்'. முதலாவது குட்டிக் கோப்பை மின்ட்டின் யூயூஐடியோடு எழுதும், இரண்டாவது பெரிய கோப்பை உருவாக்கும். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே குட்டிக் கோப்பைத் திறந்து யூயூஐடி மாறிவிட்டதா என்று பாருங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி சிஎம்டிலைன்.

உபுண்டுவை விட்டுவைத்தால் அடுத்த மார்ச்சில் இதே கதை. அதில் இருந்த எடைச் சீட்டுகளை மின்ட்டுக்கும் ஒரு தனி டிஸ்குக்கும் நகலெடுத்து, கணக்குப் பிரிவில் திறந்து சரிபார்க்கச் சொன்ன பிறகே அந்த பார்ட்டிஷனை அழித்தேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மின்ட்டில் கிரப்-இன்ஸ்டால் ஓட்டாமல் உபுண்டுவை முதலில் அழித்திருந்தால், குட்டிக் கோப்பின் பேச்சைக் கேட்டு, இப்போது இல்லாத யூயூஐடியைத் தேடி, மெனுவே வராமல் கிரப்பின் கறுப்புத் திரையில் நின்றிருக்கும். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் பதற வேண்டாம். நான்காம் படியில் சொன்ன கான்ஃபிக்ஃபைல் கட்டளையே உங்களை உள்ளே கொண்டுபோகும்.

உபுண்டு போனதும் மின்ட்டில் இன்னொரு முறை அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். இல்லையென்றால் மெனுவில் அதன் பெயர் மட்டும் தங்கிவிடும்.

இரண்டையும் வைத்தே தீர வேண்டும் என்பவர்கள், உபுண்டுவில் கிரப் பேக்கேஜ் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் மின்ட்டுக்கு வந்து கிரப்-இன்ஸ்டால் ஓட்ட வேண்டியிருக்கும். 2021ல் வந்த கிரப் 2.06 முதல் ஓஎஸ்-ப்ரோபர் தானாக ஓடுவதில்லை. ஆனால் மின்ட் 21 அதை ஓடும் நிலையிலேயே தருகிறது. ஆகவே இரண்டு லினக்ஸ்களில் ஒன்றின் மெனுவில் மற்றது தெரிந்து, மற்றதில் இது தெரியாமல் போனால் அதைப் பிழை என்று நினைத்து அலையாதீர்கள்.

நம் ஊர் மின்தடைக்காக ஒன்று சொல்ல வேண்டும். உபுண்டு வழிக் கணினிகளில் பூட் தொடங்கும்போதே கிரப் தன் கிரப்என்வ் கோப்பில் 'ரெகார்ட்ஃபெயில்' என்று குறித்துக்கொள்ளும். பூட் ஆகும் நடுவில் கரண்ட் போனால் அந்தக் குறி அப்படியே தங்கிவிடும். அடுத்த முறை நீங்கள் என்ன நேரம் வைத்திருந்தாலும் மெனு 30 வினாடி நிற்கும். ஒரு முறை முழுதாக பூட் ஆனதும் அந்தக் குறி அழிந்துவிடும். பராமரிப்பு மின்தடை நாளுக்கு மறுநாள் 'என் டைம்அவுட் மாறிப்போச்சு' என்று வரும் போன்களில் பாதி இதுதான்.

வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளில் மின்ட் பார்ட்டிஷனின் யூயூஐடி, குட்டிக் கோப்பின் தேதி, சேர்த்த சொல், சேர்த்த காரணம், நான்கையும் எழுதி அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினேன். கீழே அந்தத் தங்கை தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: 'மெனுவில் அடைப்புக்குறி வந்தால் அண்ணாவுக்கு போன் செய்யவும்.'